வாசலில் நின்ற மூக்கு

சித்தையன் இந்த உலகத்தில் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். அது அவருடைய மூக்கு. பால் பாக்கெட்டைக் கத்தரித்தால் முதலில் மோந்து பார்ப்பார். ஹோட்டலில் தோசை வந்தால் சட்னிக் கிண்ணத்தைத் தூக்கி மோப்பார். சட்னி தேறினால்தான் தோசைக்கு மரியாதை. புது ரூபாய் நோட்டைக்கூட மோந்துவிட்டுத்தான் பையில் வைப்பார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஆனால் அந்த மூக்கால்தான் அவருக்குச் சோறு. மைசூருக்கு வெளியே பன்னூர் சாலையில் பசவராஜ் என்பவர் இளம்புழு மனை ஒன்று நடத்துகிறார். பட்டுப்புழு முட்டைகளைப் பொரிக்க வைத்து, பத்து நாள் வளர்த்து, பிறகு விவசாயிகளுக்குக் கொடுக்கும் இடம் அது. பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்க்க வேண்டிய பத்து நாள். சித்தையன் அங்கே மேஸ்திரி. காலை ஆறரைக்கு அவர் வாசலில் நின்றுகொள்வார். வேலைக்கு வரும் பன்னிரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக அவர் முன்னால் நின்று, கையை நீட்டி, கழுத்தைக் காட்டி, தலையைக் குனிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பவுடர், சென்ட், மல்லிகைப் பூ, வாசனைத் தேங்காய் எண்ணெய், பீடி, மூக்குப்பொடி எதுவும் கூடாது. புழுவுக்கு வாசனை ஆகாது. வாசனை பட்டால் இலை தின்னாது, தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஹனூர் பக்கத்தில் அவர் பிறந்த வீட்டில் பாதி வீடு புழுவுக்கும் மீதி வீடு மனிதர்களுக்கும் என்றிருந்தது. அங்கிருந்து வந்த சட்டம்.

அந்தச் சட்டத்தில் அவருடைய கல்யாணமும் மாட்டிக்கொண்டது. ஜோதிமணியைக் கட்டிக்கொண்டு வந்த அன்று வீட்டில் புழு நாலாவது ஜுரத்தில் இருந்தது. புழு தோலுரிப்பதை அந்தப் பக்கம் ஜுரம் என்பார்கள். மணப்பெண் தலையில் இரண்டு முழம் மல்லிகை. சித்தையனின் அக்கா வாசலிலேயே நிறுத்தி, "பூவக் கழட்டிட்டு உள்ள வா கண்ணு" என்றாள். ஜோதிமணி கழற்றி வேலியில் மாட்டினாள். மறுநாள் காலையில் பார்த்தால் அதை ஆடு தின்றிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், சித்தையனும் சிரித்தார். ஜோதிமணி சிரித்தாளா என்பது அவருக்கு நினைவில்லை.

கிணறு வற்றி மல்பெரித் தோட்டம் காய்ந்தபோது இருவரும் மைசூருக்கு வந்துவிட்டார்கள். பதினைந்து வருடமாகிறது. கேசரேயில் வாடகை வீடு, ஒரே மகன் பெங்களூரில் வேலை. வீட்டில் புழு இல்லை, ஆனால் வேலையில் புழு இருந்ததால் சட்டம் கூடவே வந்தது. ஊதுபத்தி கிடையாது, சாமிக்கு விளக்கு மட்டும். குளிக்க வாசனையில்லாத சோப்பு. வருடத்துக்கொரு தடவை மாதேஸ்வரன் மலைக்குப் போகும்போது மட்டும் ஜோதிமணி பூ வைத்துக்கொள்வாள். திரும்பும்போது கொள்ளேகால் பஸ் நிலையத்தில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மைசூர் பஸ் ஏறுவாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவளாகவே செய்வாள். சித்தையனுக்கு அதில் பெருமைகூட உண்டு. என் வீட்டுக்காரிக்கு விவரம் தெரியும் என்று மாரக்காளிடம் சொல்லியிருக்கிறார்.

மாரக்காள் மனையில் அவருக்கு அடுத்தபடி பழைய ஆள். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், இலை நறுக்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏனுங்ண்ணா, ஏதோ வாசம் வர்ற மாதிரி இல்லீங்?"

"என்ன வாசம்?"

"வெட்டிவேர் மாதிரி. பானைத் தண்ணியில போடுவாங்களே, அந்த மாதிரி."

சித்தையன் மூக்கை உயர்த்தினார். ஒன்றும் தெரியவில்லை. இலை வாசம், பிளீச்சிங் பவுடர் வாசம், அவ்வளவுதான். தன் மூக்குக்குத் தெரியாதது மாரக்காள் மூக்குக்குத் தெரிவதா என்று அவருக்குச் சுருக்கென்றது. "தண்ணியக் குடிச்சுட்டு வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் ஏழெட்டுத் தட்டுகளில் இலை அப்படியே கிடந்தது. புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு, யாரையோ எதிர்பார்ப்பதுபோல் நின்றன. இலையில் கோளாறா என்று ஒரு கைப்பிடி எடுத்து மென்று பார்த்தார். இலை நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் ஆள்தான்.

மதியம் எல்லோரும் வெளியே மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் மட்டும் உடைமாற்றும் அறைக்குள் போனார். சுவரில் வரிசையாக ஆணிகள். உள்ளே போகும்போது எல்லோரும் வெள்ளை அங்கி மாட்டிக்கொள்வார்கள். வெளியே போட்டு வந்த சட்டை, ஸ்வெட்டர், துப்பட்டா, பை எல்லாம் ஆணியில் தொங்கும். சித்தையன் கடைசி ஆணியிலிருந்து ஆரம்பித்தார். மாரக்காள் பை: புளியும் கருவாடும். அடுத்தது வியர்வை. அதற்கடுத்தது மண்ணெண்ணெய், இதைத் தனியாக விசாரிக்க வேண்டும். இப்படியே வந்து, இரண்டாம் ஆணியில் தொங்கிய நீல ஸ்வெட்டரில் மூக்கை வைத்தார். அங்கேயே நின்றார்.

வெட்டிவேர். குளிர்ச்சியாக, லேசாக, மழை விழுந்த மண்ணில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளிப் போட்டதுபோல். சந்தேகமே இல்லை.

ஸ்வெட்டர் மல்லம்மாவுடையது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் குடியிருக்கிறாள், கொள்ளேகால் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். புருஷன் ஆட்டோ ஓட்டி, விபத்தில் கால் உடைந்து கிடக்கிறான் என்று வேலை கேட்டு வந்தபோது சொன்னாள். புது ஆள் என்பதால் அவளுக்குக் கிடைத்தது யாரும் விரும்பாத ஆணி, மேஸ்திரியின் ஆணிக்குப் பக்கத்து ஆணி. முதல் ஆணியில் சித்தையனின் இஸ்திரி போட்ட சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் மோந்து பார்க்கவில்லை. தன் சட்டையை யார் மோந்து பார்ப்பார்கள்?

மறுநாள் காலை வரிசையில் மல்லம்மா வந்து நின்றபோது அவர் மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கை, கழுத்து, காதுக்குப் பின்னால், ஜடை. ஒன்றும் பிடிபடவில்லை. அதுவே அவருடைய சந்தேகத்தைக் கூட்டியது. கெட்டிக்காரி, வெளியே தெரியாமல் வைக்கிறாள் என்று நினைத்தார்.

"என்னம்மா பூசற?"

"ஒண்ணும் இல்லீங்ண்ணா."

"உன் ஸ்வெட்டர் மணக்குது."

"இல்லீங்ண்ணா. சோத்துக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்குது, நான் எங்கிருந்து சென்ட்டு வாங்கறது?"

"மண்டி மொஹல்லாவுல சந்துக்குச் சந்து அத்தர் கடை. எனக்குத் தெரியாதா?"

அவர் குழாயடியைக் காட்டினார். அங்கே பச்சை நிறத் துணி சோப்பு ஒன்று கிடந்தது. கழுத்தையும் கையையும் மூன்று தரம் கழுவிவிட்டு வரச் சொன்னார். பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மல்லம்மா கழுவினாள். மூன்றாவது தரம் கழுவும்போது தண்ணீரோடு தண்ணீராக அழுதாள். சித்தையன் அதைப் பார்த்தார். குற்றம் செய்தவர்கள் அழுவது வழக்கம்தானே என்று எண்ணிக்கொண்டார். அன்று சாயங்காலம் தன் சட்டையைப் போடும்போது காலரில் அதே வெட்டிவேர் லேசாக அடித்தது. அவருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்தாயா, பக்கத்து ஆணியிலிருந்து என் சட்டைக்கே ஏற்றிவிட்டாள்!

தொழில் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவருகிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்றும் ஜோதிமணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டார், முத்தை என்கிற ராகிக் களி உருண்டையும் கீரைச் சாறும் சாப்பிட்டார், படுத்தார்.

அந்த வாரம் இன்னும் பத்துத் தட்டு கெட்டது. பசவராஜ் வந்து பார்த்தார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் பாதி கன்னடம் பாதி.

"ஏனு சித்தையா இது? ரைத்தரு, வெவசாயிங்க, நாளை வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"வாசனைங்க யஜமானரே. ஒரு ஆளு வெச்சுக்கிட்டு வருது."

"யாரு?"

சித்தையன் ஒரு கணம் தயங்கினார். அந்த ஒரு கணத்தை அவர் பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்தார். "புதுசா வந்த பொண்ணு, மல்லம்மா" என்றார்.

"நீ சொன்னா சரி. உன் மூக்கு பொய் சொல்லாது. சோமவாரத்திலிருந்து அவ பேடா, வேலைக்கு வர வேண்டாம்."

மல்லம்மா நீல ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "நான் ஒண்ணும் பூசலீங்ண்ணா. மாதேஸ்வரன் மேல சத்தியமா" என்றாள். சித்தையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்டைச் சரிபார்த்தார். பூட்டு சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை இரண்டாம் ஆணி காலி. மதியம் மாரக்காள் மெல்லச் சொன்னாள். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. இன்னும் வருதுங்க."

சித்தையன் அவளை முறைத்தார். மல்லம்மாவுக்காகப் பரிந்து பேசுகிறாளா? இல்லை, இவளும் அதில் கூட்டா? உடைமாற்றும் அறைக்குப் போய்க் காலி ஆணியின் பக்கத்தில் மூக்கை வைத்தார். இருந்தது. சுவரில் ஊறிவிட்டது என்று தீர்மானித்து, பிளீச்சிங் பவுடரைக் கரைத்துச் சுண்ணாம்பு உதிரும் அளவுக்குச் சுவரைத் தேய்த்தார். செவ்வாய்க்கிழமையும் இருந்தது. ஆணியைப் பிடுங்கி வெளியே எறிந்தார். புதன்கிழமையும் இருந்தது. ஓர் ஆணியோடு இப்படிச் சண்டை போட்ட மனிதனை மாரக்காள் அதுவரை பார்த்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார். மடிப்புக் கலையாத கைக்குட்டை. அதற்குள்ளும் வெட்டிவேர். இப்போது அவருக்குப் பயம் வந்தது. அந்தப் பெண்ணின் ஸ்வெட்டர் போய் மூன்று நாளாகிறது. மடித்த கைக்குட்டையின் உள்மடிப்புக்குள் எப்படிப் போனது? யாரோ வேண்டுமென்றே தன் பையில் பூசுகிறார்கள் என்று முதலில் தோன்றியது. மேஸ்திரி வேலைக்கு யார் கண் வைத்திருக்கிறார்கள் என்று மீதிப் பதினோரு முகங்களையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். யாரும் தேறவில்லை. மல்லம்மாதான் என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டால் போதும், நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தார். கைக்குட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்துகொண்டு மண்டி மொஹல்லாவுக்குப் போனார்.

ஆட்டோவும் ஸ்கூட்டரும் உரசிக்கொண்டு போகும் சந்துகளில் மூன்று கடை ஏறி இறங்கினார். மூன்று கடைக்காரர்களும் மோந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். நாலாவது கடை ஒரு பெட்டிக்கடை அளவுதான். கண்ணாடி அலமாரியில் சுண்டுவிரல் உயரக் குப்பிகள். கடைக்காரர் கைக்குட்டையை வாங்கி மோந்ததும் சிரித்தார்.

"நம்ம கடைச் சரக்குதான் சார். வெட்டிவேர். நூத்திருபது ரூபாய்க் குப்பி."

"நூத்திருபதா? அந்த விலைக்கு வெறும் தண்ணியில்ல வரும்?"

"அசல் எண்ணெயை நூத்திருபதுக்கு யாரும் தர முடியாது சார், நானும் அசல்னு சொல்ல மாட்டேன். கலப்புதான். ஆனா உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. தினம் வெச்சுக்கிறவங்களுக்குன்னு நானே கலக்கறது. வேலைக்குப் போற பொம்பளைங்க நிறைய வாங்கறாங்க."

சித்தையன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முப்பது வயசு, கறுப்பா, நீல ஸ்வெட்டர் போட்ட ஒரு பொண்ணு இங்க வருமா? பூச்சி வளக்கற எடத்துல வேலை."

"பூச்சியா?" கடைக்காரர் நெற்றியைத் தேய்த்தார். "பட்டுப்பூச்சியா சார்? அப்படிக் கேட்ட அம்மா ஒருத்தர் உண்டு. ஆனா முப்பது வயசு இல்ல, அம்பது பக்கம் இருக்கும். பொம்பளைங்களுக்கு பஸ் இலவசமானதிலிருந்து மத்தியானத்துல வருவாங்க. ஏழெட்டுத் தரம் வந்து மோந்து மோந்து பாத்துட்டு வாங்காமப் போனாங்க சார். மல்லியும் வேணாம், ரோஜாவும் வேணாம். ஒவ்வொரு தரமும் ஒரே கேள்வி. இது வீட்டுக்காரர் சட்டையில ஒட்டுமா, பட்டுப்பூச்சிக்கு ஆகாது, நாலு மணிக்குக் கழுவினா போயிடுமான்னு. போயிடும்மான்னு சொன்னேன். அப்பத்தான் வாங்கினாங்க. நான் இந்தத் தொழில்ல எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், போறதுக்கு எவ்வளவு நேரமாகும்னு கேட்டுட்டு சென்ட் வாங்கின ஒரே ஆள் அவங்கதான்."

சித்தையன் கைக்குட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொன்னாரா என்று தெரியவில்லை. பஸ் ஏற மறந்து கேசரே வரைக்கும் நடந்தே போனார். வழியெல்லாம் அவர் மூக்கு மூடியிருந்தது. சாக்கடையைத் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்தார். பதினைந்து வருடத்தில் அந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்ததில்லை. கதவு சாத்தியிருக்கவில்லை. ஜோதிமணி மேசைமேல் போர்வையை விரித்து அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு. ஒரு கையால் காலரை நீவி, இன்னொரு கையால் சூடான பெட்டியை ஓட்டினாள். அறை முழுக்க வெட்டிவேர். அவள் நீவிய இடமெல்லாம், மணிக்கட்டு பட்ட இடமெல்லாம், சூட்டோடு சேர்ந்து துணிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மடித்து வைத்த மூன்று கைக்குட்டைகள்.

அத்தர் கடைக்கு எந்த பஸ், எங்கே போனாய் என்று கேட்டால் சொல்வதற்குக் கொத்தமல்லி என்ன விலை, நாலு மணிக்குத் தண்ணீர் வருமா என்பதெல்லாம் யோசித்து யோசித்துத் திட்டம் போட்டவளுக்கு இந்த இஸ்திரி ஒன்று மட்டும் தோன்றவில்லை. தோன்றியிருக்காது. தினமும் பூசுகிறவளுக்குத் தன் கை வாசம் தெரியாது. தினமும் போடுகிறவருக்குச் சட்டை வாசம் தன்னுடையது என்று தெரியாது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். சின்ன வயதில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளைபோல் நின்றாள். அதைப் பார்த்ததும் சித்தையனுக்கு என்னவோ செய்தது. இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவள் தன்னிடம் கையை ஒளிக்கிறாள்.

"ஏனுங், இந்நேரத்துக்கு வந்துட்டீங்க?"

"கையக் காட்டு."

"கழுவிருவேனுங்க. தினமும் நீங்க வர்றதுக்கு முந்தி கழுவிருவேனுங்க. உங்க பூச்சிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கேட்டுட்டுத்தான் வாங்குனேன்."

"நான் திட்டலை. காட்டு."

அவள் காட்டவில்லை. நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள். "கட்டிட்டு வந்த அன்னிக்குக் கழட்டுன பூவுங்க. அதுக்கப்புறம் என்மேல ஒரு வாசமும் இல்லீங்க. வெங்காயமும் சீவக்காயும்தான். பஸ்ஸுல பக்கத்துல வந்து ஒக்கார்ற பொண்ணுகளெல்லாம் என்னென்னமோ வாசமா இருப்பாங்க. எனக்கும் ஒண்ணு வேணும்னு இருந்துச்சு. நீங்க போனப்பறம் வெப்பேன். நாலு மணி வரைக்கும் எனக்கே எனக்குன்னு இருக்கும். அவ்வளவுதானுங்க."

சித்தையன் நாற்காலியில் உட்கார்ந்தார். மல்லம்மாவைப் பற்றி அப்போதுதான் சொன்னார். குழாயடி, துணி சோப்பு, மூன்று தரம், திங்கட்கிழமை, ஆணி எல்லாவற்றையும் சொன்னார். ஜோதிமணி கேட்கக் கேட்க முகம் வெளுத்துச் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"கடவுளே. என்னால ஒரு பொண்ணு சோறு போச்சா?"

"உன்னால இல்லை" என்றார் சித்தையன்.

வெள்ளிக்கிழமை அவர் இஸ்திரி போடாத பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வாசம் போய்விட்டது. சனிக்கிழமை புழுக்கள் தட்டுத் தட்டாக இலையைத் தின்றன. அறை முழுக்க மெல்லிய தூறல் விழுகிற சத்தம். பசவராஜ் வந்து பார்த்துச் சித்தையன் முதுகில் தட்டினார். "நோடு, அந்தப் பொம்பளை போனதும் எல்லாம் சரியாயிடுச்சு! உன் மூக்குக்குத் தங்கத்துல கவசம் செஞ்சு போடணும்ப்பா."

சித்தையன் சிரித்து வைத்தார். யாருக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. இஸ்திரி போடும்போது ஜோதிமணி கை கழுவிக்கொண்டால் போதும். வேலை, பேர், சாவிக்கொத்து எல்லாம் அப்படியே இருக்கும். மல்லம்மாவுக்கு வேறெங்காவது வேலை கிடைக்காமலா போகும்? இப்படி நினைத்தபோது அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. எத்தனையோ பேரை மோந்து பார்த்து இவன் கள்ளன், இவள் கள்ளி என்று சொன்ன ஆள். தன் நாற்றம் மட்டும் பிடிபடாமல் போகட்டும் என்று காத்திருக்கிறோமே என்று நினைத்தார். வீட்டில் ஜோதிமணி இரண்டு நாளாகக் குப்பியைத் திறக்கவில்லை. ராகி முத்தையைத் தட்டில் வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு?" என்று மட்டும் கேட்பாள். அவர் முத்தையைப் பிட்டுச் சாற்றில் தொட்டுக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டி மொஹல்லா சந்தில் மல்லம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தார். உள்ளே கட்டிலில் புருஷன் காலை நீட்டிப் படுத்திருந்தான். மல்லம்மா வாசலுக்கு வந்தாள், வாங்க என்று சொல்லவில்லை.

சித்தையன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "உன் ஸ்வெட்டர்ல என் சட்டை வாசம்தாம்மா ஏறியிருக்குது. தப்பு என்மேல. நாளைக்கு வேலைக்கு வா. யஜமான்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

சந்தில் போன ஸ்கூட்டருக்கு அவர் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது.

"நாலு பேருக்கு முன்னாடி திருடிய நிறுத்தற மாதிரி நிறுத்துனீங்க. இப்ப சந்துக்குள்ள வந்து தனியாச் சொல்றீங்க" என்றாள்.

"அங்கயும் சொல்றேன்."

"சொல்லுங்க. பொறவு பாக்கலாம்."

திங்கட்கிழமை கிளம்பும்போது ஜோதிமணி வாசல் வரைக்கும் வந்தாள். "இன்னிக்குச் சொல்லிருவீங்களா?" என்றாள். அவர் தலையாட்டினார். பிறகு அவராகவே, "அந்தக் குப்பியக் கொண்டா" என்றார். அவள் பயந்துபோய்க் கொண்டுவந்தாள். தூக்கி எறியப்போகிறார் என்று நினைத்தாள்போல. அவர் மூடியைத் திறந்து அவள் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தார். இரண்டு சொட்டு விழுந்தது. "நாலு மணிக்குக் கழுவ வேண்டாம்" என்றார். ஜோதிமணி அவர் காலரைச் சரிசெய்தாள். பழக்க தோஷம்.

ஆறரைக்குப் பசவராஜும் வந்திருந்தார். சித்தையன்தான் போன் பண்ணி வரச் சொல்லியிருந்தார். மல்லம்மா நீல ஸ்வெட்டரோடு வாசலுக்கு வெளியே தள்ளி நின்றாள். எல்லோர் முன்னாலும் சித்தையன் சொன்னார். வாசம் என்னுடையது, என் சட்டையிலிருந்து வந்தது, இந்தப் பெண்மேல் ஒரு குற்றமும் இல்லை, நான் சொன்னது பொய்யாகிவிட்டது. வீட்டுக்காரியின் பேரை அவர் எடுக்கவில்லை. பசவராஜ் முகம் கறுத்தது. கன்னடத்தில் நாலு வார்த்தை சொன்னார், அதில் எதுவும் கவசத்தைப் பற்றியது அல்ல. சாவிக்கொத்து அங்கேயே கைமாறி மாரக்காளிடம் போனது.

"அப்ப இனி வாசல்ல யாரு நிக்கிறது?" என்றாள் மாரக்காள், சாவியை என்ன செய்வதென்று தெரியாமல்.

சித்தையன் மல்லம்மாவைப் பார்த்தார். "நீ நில்லும்மா. மொத ஆளா என்னைப் பாரு."

கையை நீட்டினார். கழுத்தைக் காட்டினார். தலையைக் குனிந்தார். குனிந்தபோதுதான் தெரிந்தது, அப்படிக் குனிந்தால் எதிரில் நிற்பவரின் கால் மட்டும்தான் தெரியும் என்று. பன்னிரண்டு பேர் இத்தனை வருடமாகப் பார்த்தது அவருடைய செருப்பைத்தான். மல்லம்மா கிட்டே வந்தாள். அவர் செய்ததுபோலவே கை, கழுத்து, காதுக்குப் பின்னால் என்று நிதானமாக மோந்தாள். காலரில் வந்ததும் நின்றாள்.

"அண்ணா" என்றாள் மெதுவாக. "வெட்டிவேர்."

யாரும் சிரிக்கவில்லை. சித்தையனுக்குக் காலையில் காலரைச் சரிசெய்த கை நினைவுக்கு வந்தது. அவர் குழாயடிக்குப் போனார். சட்டையைக் கழற்றி வெளிக்கம்பியில் போட்டுவிட்டு, அங்கே கிடந்த பச்சைத் துணி சோப்பை எடுத்தார். மார்கழிக் குளிரில் தண்ணீர் ஊசியாகக் குத்தியது. கழுத்தையும் கையையும் மூன்று தரம் தேய்த்தார். இரண்டாவது தரமே தோல் எரிந்தது. இந்த எரிச்சலோடுதான் அவள் அன்று முழுக்க வேலை செய்திருக்கிறாள் என்று நினைத்தபோது கண் கலங்கியது. தண்ணீரோடு தண்ணீராகப் போயிற்று.

திரும்பி வந்து நின்றார். மல்லம்மா இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டு, "போங்கண்ணா, இப்ப சரி" என்றாள்.

"நீங்கெல்லாம் போங்க" என்று சித்தையன் ஒதுங்கி வழிவிட்டார். அன்று அவர் கடைசி ஆளாக உள்ளே போனார்.